அழகுமுத்துவின் ரேடியோவும் கூரை தொடாத சுவரும்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவே சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. கட்டிய துரைக்குக் கல் போதவில்லையோ, மனசு போதவில்லையோ, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரை வெறும் இடைவெளி. இந்தக் கோடியில் ஒரு குழந்தை தும்மினால் அந்தக் கோடியிலிருந்து யாராவது "நூறு" என்பார்கள். யார் வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள், யார் வீட்டில் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான் ஊருக்குத் தெரியும்.

சுவருக்கு இந்தப் பக்கம் நானும் என் மனைவி மீனம்மாவும். அந்தப் பக்கம் அழகுமுத்துவும் அவன் மனைவி பூரணியும். என் பெயர் செல்லசாமி. தேயிலை பதப்படுத்துகிற ஸ்டோரில் பெட்டிகளுக்கு ஆணி அடிப்பது என் வேலை. வாரம் பூராவும் சுத்தியல் சத்தத்தில் கிடப்பவன் என்பதால் ஞாயிற்றுக்கிழமை பகலில் தூங்குவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. சிலர் சேவல் வளர்ப்பார்கள். சிலர் வாசலில் டேலியாச் செடி வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். சிலர் வேலை இருக்கிறதோ இல்லையோ நோர்வூட் கடைத்தெருவில் போய் நின்றுவிட்டு வருவார்கள். நான் தூங்குவேன். செலவில்லை, யாருக்கும் தொந்தரவில்லை. அந்த ஒன்றுக்கும் உலை வைத்தவன் அழகுமுத்து. அவன் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

இப்போது அறுபத்தைந்தாம் வருடம். டிரான்சிஸ்டர் என்று ஒரு சின்னப் பெட்டி வந்திருக்கிறது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறார்கள். மலைத்தண்ணீர் விழும் பீலியில் குளிக்கும்போது பக்கத்துக் கல்லில் வைத்துக்கொள்கிறார்கள். பாட்டு வந்தால் வருகிறது, நின்றால் இரண்டு தட்டுத் தட்டுகிறார்கள். மரியாதையே கிடையாது. அந்தக் காலத்து ரேடியோ அப்படியல்ல. அது வீட்டில் ஒரு ஆள் மாதிரி. அதற்கென்று மேசை வேண்டும், மேலே போட ஒரு பூத்துணி வேண்டும், பக்கத்தில் செங்கல் கனத்தில் ஒரு பெட்டரி வேண்டும். கூரையிலிருந்து மரத்துக்கு ஏரியல் கம்பி இழுக்க வேண்டும். லயம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் அந்தக் கம்பிக்கு ஒரு ஆணி அடிக்கவும் ஆபீசில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அழகுமுத்து இதையெல்லாம் செய்தான். ஏனென்றால் அவன் கேட்கப் பிறந்தவன். பாடத் தெரியாது, ஆடத் தெரியாது, சீட்டி அடிக்கக்கூட வராது. ஆனால் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது எல்லா வாலிபனும் மன்மதன் வேஷத்துக்கு அடித்துக்கொள்ள, இவன் மட்டும் தப்பு மேளம் அடிக்கிறவர்கள் பக்கத்தில் இடம்பிடித்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். பெரிய கங்காணி வீட்டில் கிராமபோன் வைத்தால் வேலிக்கு வெளியே தூறலில் நின்று கேட்பான். உள்ளே கூப்பிடமாட்டார்கள், இவனும் அதை எதிர்பார்த்ததில்லை. நனைந்த கம்பளியோடு வந்து, "இன்னிக்கு புதுத் தட்டுண்ணே, என்னா குரலு!" என்று என் தூக்கத்தைக் கெடுப்பான். அப்போதே ஆரம்பித்தாயிற்று.

ஸ்டோரில் அவனுக்கு வேலை சல்லடை அறையில். காய்ந்த தேயிலையைச் சலித்துத் தூள் வேறு, இலை வேறாகப் பிரிக்கிற இடம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் அங்கே சேர்ந்தான். அதே வருடத்தில்தான் தோட்டத்துத் தமிழர்களான நாங்கள் யாரும் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்றும் சட்டம் போட்டார்கள். அதைப் பேசினால் எனக்கு வாய் நிற்காது, விட்டுவிடுகிறேன். சல்லடை ஓட ஆரம்பித்துவிட்டால் அந்த அறையில் பக்கத்தில் நிற்பவன் கத்துவதும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லாம் கை ஜாடையும் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதும்தான். தாடையைத் தடவினால் ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் வருகிறார் என்று அர்த்தம், அவருக்குத் தாடி உண்டு. கட்டைவிரலை வாய்க்கு நேரே காட்டினால் தேத்தண்ணி. சலிக்கும்போது தேயிலையிலிருந்து பஞ்சு மாதிரி ஒரு தூசி கிளம்பும். அது மயிரில், புருவத்தில், மூக்கில், எங்கே இடம் கிடைத்தாலும் போய் உட்கார்ந்துகொள்ளும். சாயந்திரம் வேலை முடிந்து வரும்போது அந்த அறைக்காரர்கள் எல்லாரும் மண்ணைக் கிளறிவிட்டு வந்த கோழிகள் மாதிரி இருப்பார்கள்.

ரேடியோ வாங்குவதற்காக அவன் பசுவையும் கன்றையும் விற்றான். பூரணிக்கு அந்தப் பசுவின் மேல் உயிர். ஆனாலும் அவன் ஆசைப்படுகிறானே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மாட்ட வித்துப் பாட்ட வாங்கிப்புட்டான்" என்று லயமே கேலி செய்தது. அந்தப் பெட்டியை ஹட்டனிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, நோர்வூட்டில் இறங்கி, கம்பளியில் சுற்றித் தலையில் தூக்கிக்கொண்டு தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறி வந்தான். பூரணி சந்தனம் குங்குமம் வைத்து உள்ளே எடுத்தாள். ஏரியல் கம்பியைச் சவுக்கு மரத்தில் கட்டினோம். நானும்தான் ஏணி பிடித்தேன். முதல் நாள் பாட்டு வந்தபோது லயத்தில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் வாசல் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கேலி செய்தவர்கள்தான் முன்வரிசையில்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பெரிய லாபம். லைசென்ஸ் கட்டுபவன் அவன், பெட்டரி வாங்குபவன் அவன், சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்பவன் நான். பெட்டரி தீர்ந்துவிடும் என்று சாயந்திரம் கொஞ்ச நேரந்தான் வைப்பான். மெதுவாக, பதமாக வைப்பான். மீனம்மா செய்தி ஆரம்பித்ததும் உலையில் அரிசி போடுவாள், பாட்டு முடிவதற்குள் கஞ்சி வடித்துவிடுவாள். எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லாத குறை அதோடு தீர்ந்தது.

ஐம்பத்தேழாம் வருடம் ஆடி மழை பிடித்தபோதுதான் வினை ஆரம்பித்தது. ரேடியோவின் சத்தம் கூடிக்கொண்டே போனது. முதலில் எங்கள் வீட்டு ஓட்டைத் தகரம் அதிர்ந்தது. பிறகு அடுக்கில் இருந்த பீங்கான் கோப்பை அதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கண்ணை மூடினால் யாரோ ஒரு பெண் என் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பாடினாள். கையால் சுவரைத் தட்டினேன். பதில் இல்லை. விறகுக் கட்டையால் தட்டினேன்.

"என்னண்ணே?"

"கொறைப்பா! லயமே இடிஞ்சு விழுந்துரும் போல இருக்கு!"

"பெட்டரி வீக்குண்ணே! ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது!" என்று அவன் கத்தினான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பொறாமையால் பேசுகிறேன் என்று நினைத்துக் குத்தலாகப் பதில் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் நிஜமாகவே பெட்டரியைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். பலமில்லாத பெட்டரியை வெயிலில் வைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்பார்கள். ஆடி மாதத்து நோர்வூட்டில் வெயிலுக்கு எங்கே போவது? ஸ்டோரில் தேயிலை காயவைக்கிற அடுப்புக்காரனைக் கெஞ்சி அந்தச் சூட்டில் கொண்டுபோய் வைத்தான். தேயிலையோடு பெட்டரியும் காய்ந்தது. அதிலும் சரியாகவில்லை என்று புதுப் பெட்டரி வாங்கினான். அதுவும் வீக் என்றான். மழையில் சவுக்கு மரத்தில் ஏறிக் கம்பியை இன்னும் உயரத்தில் கட்டினான். கடைசியில் பெட்டியையே ஹட்டன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

கடைக்காரர் பெட்டரியைப் பொருத்திப் பொத்தானைத் திருகினார். சாமான் வாங்க வந்த இரண்டு பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் கடைக்காரர்.

அழகுமுத்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. கடைக்காரரோடு சண்டை போடப்போகிறான் என்று நினைத்தேன். அவன் பேசாமல் பெட்டியைக் கம்பளியில் சுற்றிக்கொண்டான். 

இதற்கிடையில் பூரணியும் கத்த ஆரம்பித்திருந்தாள். அவளை மாதிரி மெதுவாகப் பேசுகிறவள் எங்கள் மலையிலேயே கிடையாது. கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரையில் நிற்பவளுக்குக்கூட அவள் பேசுவது கேட்காது. அவள் இப்போது, "உப்பு தீந்து போச்சுங்க!" என்று கத்தினாள். ஐந்தாம் காம்பராவிலிருந்து ஒரு கிழவர், "இங்க வந்து வாங்கிக்க தாயி" என்றார். "ஒங்க சட்ட கிழிஞ்சிருக்கு!" என்று கத்தினாள். மறுநாள் ஸ்டோரில் எல்லாரும் அவன் முதுகைப் பார்த்தார்கள். "அந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழுவுறாரு. நான் மனுசியா தெரியல" என்று மீனம்மாவிடம் அழுதிருக்கிறாள். சனிக்கிழமைகளில் மட்டும் சத்தம் ஓயும். அன்றைக்கு அவனை மடியில் சாய்த்து, பூண்டும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இரண்டு காதிலும் ஊற்றுவாள். காது குடைகிறது, இன்னும் கொஞ்சம் ஊற்று என்பான். வாரத்துக்கு வாரம் எண்ணெய் கூடியது. எண்ணெய் மணம் சுவரைத் தாண்டி எங்களுக்கும் வரும்.

ஒரு நாள் மீனம்மா பீலியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தவள், குடத்தை இறக்காமலே நின்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் காதுக்குள் ரகசியம் சொன்னாள்.

"பூரணி முழுகாம இருக்கு."

பூரணிக்கு ஏற்கெனவே இரண்டு தரம் நின்று, இரண்டு தரமும் கலைந்துபோனது. இரண்டு தரமும் முதல் மாதத்திலேயே லயம் முழுக்கத் தெரிந்துபோய், ஆளாளுக்கு வந்து வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கண்ணேறுதான் காரணம் என்று பூரணி நம்பினாள். அதனால் இந்தத் தரம் வயிறு தெரியும்வரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று சாமிக்குக் காசு முடிந்து வைத்திருந்தாள். எங்கள் சுவரை வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தை மறைக்க வேண்டுமென்றால் காதோடு காதாகத்தான் பேச வேண்டும். பூரணியும் புருஷனிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

"சொன்னதுக்கு என்னா சொன்னானாம்?" என்றேன்.

மீனம்மாவின் முகம் கறுத்தது. "மொதத் தடவ 'சரி சரி'ன்னுட்டு ரேடியோவத் திருகுனாராம். மனசு கேக்காம ரெண்டாந் தடவயும் சொல்லியிருக்கு. 'நாளைக்குப் பாத்துக்குவோம்'னாராம்."

"நாளைக்குப் பாத்துக்குவோமா?"

"ஆமாங்க. அது பீலிக்கரையில நின்னு அழுவுது. 'அவருக்குப் புள்ள வேணாம் போல இருக்குக்கா. கலைஞ்சு கலைஞ்சு போகுதுன்னு என்னைய வெறுத்துட்டாரு'ன்னு அழுவுது."

நான் சுபாவத்தில் கொஞ்சம் முன்கோபி. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மாட்டை விற்றபோது வாயைத் திறக்காதவள், மழையில் கொழுந்துக் கூடை சுமப்பவள், அவள் வந்து இப்படி ஒரு சேதி சொன்னால் நாளைக்குப் பார்த்துக்கொள்வானாம். அந்தப் பெட்டியை எடுத்து ஆற்றில் போட வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. வேலை விட்டு லயத்துக்கு ஏறும்போது அவன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். பாதையில் வேறு யாரும் இல்லை. இதுதான் சமயம் என்று பின்னாலேயே போய்த் திட்ட ஆரம்பித்தேன்.

"டேய், நில்றா! நீயெல்லாம் ஒரு மனுசனா?"

அவன் நிற்கவில்லை.

"கல்நெஞ்சக்காரா! பொண்டாட்டி கண்ணீர விட ஒனக்குப் பாட்டு பெருசாப் போச்சா?"

அவன் பாதையோரத்தில் ஒரு பன்னைச் செடியைப் பிடுங்கி, அதை ஆட்டிக்கொண்டே நடந்தான். எனக்கு நெஞ்சு கொதித்தது. சொல்லக்கூடாத வார்த்தைகளையெல்லாம் சொன்னேன். அவன் அப்பனையும் இழுத்தேன். வளைவு வந்தது. திரும்பும்போது தற்செயலாக என்னைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அட, செல்லசாமிண்ணே! எப்ப வந்தீங்க? ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?"

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். சல்லடை அறையில் ஒருவர் உதட்டை ஒருவர் பார்ப்பார்களே, அந்த மாதிரி. ஹட்டன் கடையில் அவன் என்னைப் பார்த்த பார்வைக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

"காது கேக்கலையா?" என்று கேட்டேன். ஜாடையும் காட்டினேன்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு பாதையோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"போயிருச்சுண்ணே. ரெண்டு காதும் போயிருச்சு. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் போச்சு. மொதல்ல பெட்டரின்னு நெனச்சேன். கடையில அந்தப் பொம்பளைங்க காதப் பொத்துனாங்க பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"டிஸ்பென்சரிக்குப் போவோம்பா."

"ஐயோ, வேணாம்ணே! டிஸ்பென்சர் ஐயா ஆபீசுக்குச் சொல்லிருவாரு. நம்ம சல்லடை ரூம்பு மூக்கன என்னா செஞ்சாங்க? காது மந்தம்னு ஸ்டோர விட்டுச் செடி வெட்டுற கவ்வாத்துக்கு அனுப்பிட்டாங்கள்ல? மெசின் வாரு அறுந்தா நிறுத்துன்னு கத்துவாங்க, எனக்குக் கேக்காது, கை போயிரும். அதுவும் ஞாயந்தான்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வேலைகூடப் போகட்டும்ணே. பாட்டுக் கேக்காம நான் என்னா பண்ணுவேன்? ஒண்ணு சொல்றேன், மறுக்கக் கூடாது. அந்த ரேடியோவ நீங்க எடுத்துக்கங்க. கேக்கிற வீட்டுல இருக்கட்டும்."

சற்றுமுன் அதை ஆற்றில் போட நினைத்தவன் நான். அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"பூரணி ஒன்கிட்ட ஏதாச்சும் ரகசியம் சொன்னுச்சா?"

"கிட்ட நின்னு கத்துனா கொஞ்சம் கேக்குதுண்ணே. சில நேரம் காதுகிட்ட வந்து என்னமோ சொல்லும். கடையில சாமான் கேக்குதோ என்னமோன்னு 'நாளைக்குப் பாத்துக்குவோம்'னு சொல்லிருவேன். ஏண்ணே?"

சேதியை நானே அங்கேயே கத்திச் சொல்லியிருக்கலாம். தேயிலைச் செடிகளைத் தவிர யாரும் இல்லை. ஆனால் அது என் சேதி இல்லை. தகப்பனாகப் போகிறாய் என்று ஒருவனுக்குப் பெட்டியடிக்கிறவன் வந்தா சொல்வது? ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மீனம்மாவிடம் சொன்னேன். அவள் அப்போதே பூரணியை எங்கள் அடுப்படிக்கு அழைத்துச் சொன்னாள். பூரணி முதலில் சிரித்தாள். பிறகு மீனம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவன் வெறுக்கவில்லை, அவனுக்குக் கேட்கத்தான் இல்லை என்பதே அவளுக்குப் பெரிய வரம் மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் அடுத்த பயம் வந்துவிட்டது.

"அப்ப புள்ள அழுவுறது அவருக்குக் கேக்காதாக்கா?" என்றாள்.

மீனம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"வேற எதாச்சும் சாடையில சொல்லிரேன்" என்றாள் மீனம்மா.

"மாட்டேன். கத்தவும் மாட்டேன், சாடையும் காட்ட மாட்டேன். காது தெறந்தப்புறம் வாயால சொல்லிக்கிறேன்." அவள் அப்படிப் பிடிவாதமாகப் பேசி நான் கேட்டதில்லை. அழுதுகொண்டே எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்கப் போனாள். அன்று சனிக்கிழமை அல்லவா?

கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு மேலே ஒரு சத்தம். "அண்ணே! டோர்ச்ச எடுத்துக்கிட்டு ஓடியாங்க!"

ஓடினேன். அழகுமுத்து அவள் மடியில் சாய்ந்து கிடந்தான். காதிலிருந்து எண்ணெய் வழிந்து அவள் சேலையை நனைத்துக்கொண்டிருந்தது.

"ஊத்துன எண்ணெ உள்ளாற எறங்கவே மாட்டேங்குதுண்ணே. அப்படியே திரும்பி வருது."

டோர்ச் அடித்துப் பார்த்தோம். காதுக்குள்ளே, கொஞ்ச தூரத்திலேயே, கறுப்பாக ஒன்று வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "ஐயையோ, பூச்சி!" என்று பூரணி கொண்டை ஊசியை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் காதிலும் அதே கறுப்பு. இரண்டு காதிலும் ஒரே அளவில் பூச்சி போயிருக்க முடியாது. அது மட்டும் எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனை டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். இழுத்தது பூரணிதான், நான் பின்னால் தள்ளினேன். என் தூக்கத்தை நானாகவே விட்டுக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமை அது ஒன்றுதான். கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த டிஸ்பென்சர் சூசைரட்ணம் ஐயா, வெள்ளைச் சட்டையோடு கதவைத் திறந்தார். பூரணி அவர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயா, ஆபீசுக்கு மட்டும் சொல்லிராதீங்க. மொதல்ல பாருங்க."

"பாத்தாத்தானே என்னான்னு தெரியும்? உக்கார வை" என்றார்.

காதுக்குள் பார்த்தார். அந்தக் காதையும் பார்த்தார். "எங்க வேல?" என்று என்னைக் கேட்டார். சல்லடை அறை என்றேன். "எண்ணெ ஊத்துவானா?" என்று பூரணியைக் கேட்டார். அவள் வாராவாரம் ஊற்றுவதைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மனுஷன் காது போய் உட்கார்ந்திருக்கிறான், இவருக்கு என்ன சிரிப்பு?

ஐயா வெந்நீரை ஆறவைத்து, பெரிய ஊசி போன்ற ஒரு குழாயில் ஏற்றி, காதுக்குக் கீழே ஒரு பாத்திரத்தைப் பிடிக்கச் சொல்லிப் பீச்சினார். அழகுமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினான். மூன்றாம் தரம் பீச்சியபோது பாத்திரத்தில் பொத்தென்று விழுந்தது. கறுப்பாக, எண்ணெய் மினுக்கோடு, நன்றாகச் சுருண்ட ஒரு உருண்டை.

"தேயில" என்றார் ஐயா. "சலிக்கிற பஞ்சு கொஞ்சம் கொஞ்சமா உள்ளுக்குப் போகுது. இவ எண்ணெய ஊத்தி அதப் பெசையிறா. குடையுதுன்னு இன்னும் ஊத்துறா. இன்னும் பெசையுது. இதுக்கு என்னா தரம் போடுறது? லண்டனுக்கு அனுப்பலாமா?"

மற்றக் காதிலிருந்தும் அதே மாதிரி ஒன்று விழுந்தது. அழகுமுத்து கண்ணைத் திறக்காமலே இருந்தான். பிறகு தலையை மெதுவாக மேலே தூக்கிக் கூரையைப் பார்த்தான்.

"மழ பெய்யுதா?"

"காலையிலேருந்து பெய்யுது" என்றேன். அவன் நனைந்துகொண்டேதான் நடந்து வந்திருந்தான்.

"தகரத்துல விழுவுறது..." என்றான். அவன் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான். பூரணி சுவரோரமாக நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது, ஒளிப்பானேன்? அத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில் எனக்கு வாய் கட்டுப்படவில்லை. "எலே, இதுக்காகவா ஒரு பசுமாட்டுக் காச பெட்டரிக்கும் கம்பிக்கும் கொட்டுன!" என்று அதட்டினேன்.

"மெதுவாப் பேசுங்கண்ணே. ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்றான் அவன்.

ஆபீசுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று ஐயா எங்களைத் துரத்திவிட்டார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய், எண்ணெயைத் தலையோடு நிறுத்து என்பதுதான் மருந்து. திரும்பி வரும் வழி முழுக்க அவன் நின்று நின்று வந்தான். ஓடையைக் கேட்டான். எங்கோ கட்டையில் மோதும் கோடாலியைக் கேட்டான். பூரணியின் வளையலைக் கேட்டான். அவள் மட்டும் வழியில் ஒன்றும் பேசவில்லை. முன்னும் பின்னும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

சாயந்திரம் விளக்கு வைத்த பிறகு ரேடியோப் பொத்தானைத் திருகுகிற சத்தம் கேட்டது. பழைய அளவிலேயே திருகியிருப்பான் போல, லயமே அதிர்ந்தது. "ஐயோ!" என்று அலறியது அவன்தான். உடனே குறைத்தான். இன்னும் குறைத்தான். பிறகு பழையபடி மெதுவாக, பதமாக ஒரு பாட்டு வந்தது. மீனம்மா அவசரமாக எழுந்து உலை வைத்தாள்.

அந்தப் பாட்டு முடிவதற்குள் அவனாகவே ரேடியோவை நிறுத்திவிட்டான்.

மீனம்மா யாரிடமும் சொல்லவில்லை என்று இன்றுவரை சத்தியம் செய்கிறாள். ஆனால் பீலிக்கரைக்கும் காது உண்டு. அன்று ரேடியோ நின்றதும் எங்கள் லயத்தில் ஒரு பாத்திரம் உருளவில்லை, ஒருவர் இருமவில்லை. ஐந்தாம் காம்பராக் கிழவர்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அந்தச் சுவருக்கு மேலே இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று சொல்லப்பட்ட அந்த விஷயம் இப்போது இரட்டைச் சடை போட்டுக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடம் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கண்ணை மூடும் நேரம் பார்த்து டிரான்சிஸ்டரைத் திருகுகிறது. அப்பனைப் போலவே பிள்ளை.

ஆனால் அன்றைக்கு எங்களில் யாருக்கும் ஒரு சொல் கேட்கவில்லை. பூரணி அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். மழை மட்டும் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அழகுமுத்துவின் குரல் வந்தது, உடைந்துபோய்.

"இன்னொருக்கா சொல்லு" என்றான்.

அவள் இன்னொரு தரமும் சொன்னாள். எங்களுக்கு அதுவும் கேட்கவில்லை.